பாடையிலிருந்து இறங்கியவள்

கொன்றைக்குறிச்சி,
சுபானு வருஷம் ஐப்பசி 21.

வேப்பந்தட்டை மச்சான் உத்திராபதி அவர்களுக்கு, அமிர்தலிங்கம் எழுதியது.

துக்கச் செய்தி ஆனதால் க்ஷேமம் விசாரிக்கவில்லை. என் தம்பி ராசாங்கத்தின் பெண்சாதியும் தங்கள் தங்கையுமான கமலவேணி நேற்று வாந்திபேதி கண்டு காலமாகிவிட்டாள். விடியற்காலம் கண்டது, உச்சிப்பொழுதுக்குள் முடிந்துவிட்டது. ஊரில் ஏற்கெனவே பல வீடுகளில் சாவு. பிரேதத்தை வைத்திருக்கக் கூடாது என்று சுகாதார இன்ஸ்பெக்டர் உத்தரவு. தங்களுக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்க வழியில்லாமல் நேற்றே தகனம் செய்துவிட்டோம்.

வெளியூர் ஆட்களை ஊருக்குள் விடுவதில்லை. தாங்கள் புறப்பட்டு வர வேண்டாம். கருமாதியை இங்கே முறைப்படி செய்கிறோம். பிறந்த வீட்டு முறையைத் தாங்கள் அங்கேயே செய்துகொள்ளலாம். பிள்ளை ராசாத்தி சுகம். அவளை என் சம்சாரம் கலியம்மாள் பார்த்துக்கொள்கிறாள்.

நோய்க் காலத்தில் வதந்திகள் பலவிதமாகக் கிளம்பும். எது காதில் விழுந்தாலும் நம்ப வேண்டாம்.

இப்படிக்கு,
அமிர்தலிங்கம்.


வேப்பந்தட்டை,
ஐப்பசி 27.

அன்புள்ள மாப்பிள்ளை ராசாங்கம் அவர்களுக்கு, உத்திராபதி எழுதுவது.

தங்கள் அண்ணன் கடிதம் வந்தது. தங்களை நான் தேற்றுவதா, என்னை யாராவது தேற்றுவதா என்று தெரியவில்லை. எங்கள் அப்பா இராமலிங்கம் போனபிறகு அந்தப் பெண்ணுக்கு அண்ணனாகவும் அப்பனாகவும் நான்தான் இருந்தேன். ஆவணியில் வந்திருந்தவள் கரியில் ஓடும் பஸ்ஸின் புகையில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறியதுதான் நான் கடைசியாகப் பார்த்தது.

அவளுக்குக் கல்யாணத்தின்போது அப்பா உங்கள் ஊரில் வாங்கிக் கொடுத்த மேட்டுக் கொல்லையைப் பற்றி நான் எதுவும் பேச மாட்டேன். அது ராசாத்திக்கு ஆகட்டும்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். கடைசியில் பக்கத்தில் யார் இருந்தீர்கள்? தண்ணீர் கேட்டாளா? என்னைக் கேட்டாளா? அண்ணனை எழுதச் சொல்லாமல் தாங்கள் கைப்பட நாலு வரி எழுத வேண்டும். தாங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உத்திராபதி.


கொன்றைக்குறிச்சி,
கார்த்திகை 2.

அன்புள்ள அண்ணாவுக்கும் பூங்காவனம் அண்ணிக்கும் கமலவேணி எழுதுவது. நான் க்ஷேமம். அங்கே எல்லோருடைய க்ஷேமத்துக்கும் எழுத வேண்டும்.

க்ஷேமம் என்று படித்ததும் கடிதத்தைக் கீழே போட்டிருப்பீர்கள். எடுத்து மறுபடி படியுங்கள். நான் சாகவில்லை.

வாந்திபேதி வந்தது உண்மை. உடம்பில் இருந்த தண்ணீர் எல்லாம் வடிந்து, கண் செருகி, கை கால் விறைத்துவிட்டது. செத்துவிட்டேன் என்று குளிப்பாட்டி, கூறைப்புடவை கட்டி, தாலியைக் கழற்றிக்கொண்டு, பாடையில் வைத்துத் தூக்கிவிட்டார்கள். வீட்டில் நடந்ததைப் பற்றி இப்போது நான் எழுதப் போவதில்லை.

சுடுகாட்டில் கட்டை அடுக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. எருவும் விறகும் நனைந்துவிட்டன. பாடையை வெட்டவெளியில் வைத்துவிட்டு எல்லோரும் கொட்டகையில் ஒதுங்கினார்கள். என் முகத்தில் மழை அடித்தது. அந்தத் தண்ணீர்தான் என்னை எழுப்பியது. தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியைப் பிய்த்தேன். வாயெல்லாம் அரிசி. துப்பினேன். அண்ணாந்து மழையைக் குடித்தேன். கால் கட்டைவிரல்களைக் கட்டியிருந்ததை அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தபோது கொட்டகையிலிருந்த ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர்கூட நிற்கவில்லை. ஓடினவர்களில் ராசாத்தி அப்பாவும் இருந்தார்.

விழுந்தும் எழுந்தும் நடந்து வீட்டுக்குப் போனேன். தெருவில் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக் கதவுக்குக் குறுக்கே உலக்கையைப் போட்டார்கள். தட்டினேன். உள்ளேயிருந்து பெரியவர் அமிர்தலிங்கம் பேசினார். என்னிடம் அப்படி மரியாதையாக அவர் ஒருநாளும் பேசியதில்லை.

"போன வழியே போயிடு தாயி. உனக்கு என்ன வேணுமோ அங்கயே படைச்சுடறோம். கட்டைக்குப் போனது வூட்டுக்குத் திரும்பக் கூடாது."

ராசாத்தி அம்மா என்று கத்தினாள். அவள் வாயைப் பொத்திவிட்டார்கள். பொத்தின வாயிலிருந்து வரும் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும்.

ஊருக்கு வடக்கே ஜமீனுக்கு வரி வசூல் நடந்து, இப்போது பாழடைந்து கிடக்கும் கச்சேரி வீட்டில் இருக்கிறேன். ஆலமரம் வேர்விட்டுச் சுவர் பிளந்த கட்டடம். கூரையெல்லாம் வௌவால். ஜமீன் காலத்தில் ஒரு பெண்ணை இங்கே சுவருக்குள் வைத்துக் கட்டிவிட்டார்கள், அவள் நடமாடுகிறாள் என்று ஆடு மாடுகூட இந்தப் பக்கம் விடமாட்டார்கள். வந்து இத்தனை நாளில் நான் யாரையும் பார்க்கவில்லை. அப்படி ஒருத்தி இருந்தால் அவளுக்கும் இப்படித்தான் யாரோ கதவைச் சாத்தியிருப்பார்கள். அவளிடம் எனக்கு என்ன பயம்?

ஆடு மேய்க்கும் வீராயி ஒருத்திதான் கிட்டே வந்தாள். கஞ்சி கொடுத்து என்னைத் தேற்றியவள் அவள். இந்தக் காகிதமும் பென்சிலும் அவள் கேட்டு வாங்கி வந்தது.

அண்ணா, நான் அழுதுகொண்டு எழுதவில்லை. வாருங்கள். பகலில், ஊர் பார்க்க, என்னை அந்த வீட்டு வாசலுக்குக் கூட்டிப் போங்கள். பதிலை வீராயி பேருக்குப் போடவும். என் பேருக்கு வந்தால் தபால்காரர் தொடமாட்டார்.

இப்படிக்கு, தங்கள் தங்கை,
கமலவேணி.


வேப்பந்தட்டை,
கார்த்திகை 24.

கொன்றைக்குறிச்சியிலிருந்து என் தங்கை பேரில் கடிதம் எழுதியவருக்கு.

கருமாதி முடிந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்த வேளையில் உங்கள் கடிதம் வந்தது. எழுத்து என் தங்கையின் எழுத்து மாதிரியே இருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீங்கள் யார் என்று தெரியவில்லை. மனுஷராக இருந்தால் இது கொடுமை. மனுஷர் இல்லை என்றால், தாயே, உன் அண்ணன் உனக்குச் செய்ய வேண்டியதில் என்ன குறை வைத்தான் என்று சொல். எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். உனக்குப் பிடித்த பலகாரம் எல்லாம் படைத்தோம். மாப்பிள்ளைக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. அமிர்தலிங்கம் மச்சானுக்கு எழுதிக் கேட்டேன். கச்சேரி வீட்டில் ஏதோ ஒன்று அவள் உருவத்தில் அலைகிறது, பூசாரியைக் கொண்டு கட்டப் போகிறோம் என்று எழுதியிருக்கிறார். பெரிய மனிதர் பொய் எழுதுவாரா?

ஒன்று கேட்கிறேன். நீ என் தங்கைதான் என்றால், சின்ன வயதில் ஒருநாள் நீ மலையடிவாரத்தில் தொலைந்துபோனாயே, உன்னை எங்கே கண்டுபிடித்தேன்? அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

உத்திராபதி.


கொன்றைக்குறிச்சி,
மார்கழி 3.

அன்புள்ள அண்ணாவுக்குக் கமலவேணி எழுதுவது. நான் க்ஷேமம். தாங்களும் அண்ணியும் பிள்ளைகளும் க்ஷேமமா?

தாங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். உயிரோடு இருக்கிறவள் எதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும்? பரீட்சை வைத்து, நான் பாஸ் ஆனால் தங்கை, தவறினால் பேயா? சந்தேகம் இருந்தால் வந்து கையைப் பிடித்துப் பாருங்கள். வர மனம் இல்லை என்றால் எனக்கு அண்ணன் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். எள்ளுத் தண்ணீர் எனக்கு வேண்டாம்.

இங்கே நான் பசியோடு இல்லை. ஊர்க்காரர்கள் என்னைச் சாந்தி பண்ண முச்சந்தியில் படையல் வைக்கிறார்கள். வீராயி எடுத்து வந்துவிடுகிறாள். ராசாத்தி பிறந்தபோது பிள்ளைபெற்ற உடம்புக்கு ஒரு முட்டை கேட்டதற்கு அந்த வீட்டில் ஒருநாள் முழுக்கப் பேச்சு வாங்கினேன். செத்துப்போன பிறகு கோழியே வருகிறது.

ஐப்பசி மழை ஈரத்தில் மேட்டுக் கொல்லை சும்மா கிடந்தது. பெரியவர் ஏர் கட்டிக்கொண்டு வரப்பு வரைக்கும் வந்தார். நான் கொல்லை நடுவில் நின்றேன். மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு உழவுக்கு ஒரு ஆளும் வரவில்லை. நானும் வீராயியும் மண்வெட்டியால் கொத்திக் கொள்ளு தெளித்தோம். நேரம் தப்பின விதைப்புத்தான். ஆனாலும் பச்சைப் பசேல் என்று முளைத்து நிற்கிறது. பேய் விதைத்த கொள்ளு என்று ஆட்டுக்காரர்கள் அந்தப் பக்கம் ஆட்டை விடுவதில்லை. எனக்கு வேலி கட்டும் வேலை மிச்சம்.

போன செவ்வாய்க்கிழமை ராசாத்தி வந்தாள். கலியம்மாள் அக்கா குளத்துக்குத் துணி துவைக்க அழைத்து வந்திருக்கிறாள். அவள் அசந்த நேரத்தில் பிள்ளை ஓடி வந்துவிட்டாள். கழுத்தில் தாயத்து, இடுப்பில் தாயத்து, நெற்றி நிறையத் திருநீறு. கொல்லையின் அந்தக் கோடியிலேயே நின்றுகொண்டாள். கிட்டே வரவில்லை.

"அம்மா, காலைக் காட்டு" என்றாள்.

பேய்க்குக் கால் இருக்காது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். புடவையைத் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். முழங்கால் வரை சேறு. குனிந்து நன்றாகப் பார்த்தாள். பிறகு என்மேல் வந்து விழுந்தாள். அதற்குள் கலியம்மாள் அக்கா வந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அவளும் காலைப் பார்த்தாள். எனக்குத் தெரியும்.

அந்தக் குழந்தைக்கு இருக்கிற தைரியம் தங்களுக்கு இல்லையா, அண்ணா?

இப்படிக்கு,
கமலவேணி.


வேப்பந்தட்டை,
மார்கழி 22.

அன்பு நாத்தனார் கமலவேணிக்கு அண்ணி பூங்காவனம் எழுதிக்கொண்டது. இங்கே பிள்ளைகள் சுகம். உன் அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டு இப்போதுதான் எழுந்து உட்காருகிறார். உன் சுகத்துக்கு எழுதவும்.

எனக்கு எழுத்து நன்றாக வராது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் போய்விட்டது. முட்டைக்குப் பேச்சு வாங்கியதைப் பேய் நினைவு வைத்திருக்குமா? அதை உன் அண்ணனிடம் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். உனக்குக் கருமாதி செய்த கையால் எப்படி உன் முகத்தில் முழிப்பது என்கிறார்.

இப்போது அவரே ஒரு யோசனை சொல்கிறார். நீ யாருக்கும் தெரியாமல் புறப்பட்டு அரியலூர் வந்துவிடு. அங்கிருந்து அழைத்து வந்துவிடுகிறோம். இங்கே ஊரில் உனக்குச் சாவு கேட்டாகிவிட்டது. அதனால் சேலம் பக்கத்துச் சித்தப்பா மகள், பேர் லோகாம்பாள் என்று சொல்லி வைத்துக்கொள்ளலாம். சோறு துணிக்குக் குறையில்லை. கொல்லையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். பிள்ளையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். எழுதச் சொன்னதால் எழுதினேன். ஒரு நூல் புடவை அனுப்பியிருக்கிறேன். கூறைப்புடவையிலேயே எத்தனை நாள் இருப்பாய்?

இப்படிக்கு,
பூங்காவனம்.


கொன்றைக்குறிச்சி,
தை 2.

அன்புள்ள அண்ணிக்குக் கமலவேணி எழுதுவது. நான் க்ஷேமம். புடவை வந்தது. உடனே கட்டிக்கொண்டேன். அண்ணன் உடம்பு தேறியதா?

லோகாம்பாள் ஆக மாட்டேன். எனக்கு அப்பா வைத்த பேர் இருக்கிறது. இங்கேயும் ஒளிந்திருக்க மாட்டேன், அங்கேயும் ஒளிந்திருக்க மாட்டேன். அண்ணனிடம் கோபமில்லாமல்தான் சொல்கிறேன் என்று சொல்லுங்கள்.

ராசாத்தி அப்பாவுக்கு ஆண்டிமடம் பக்கத்தில் பெண் பார்த்திருக்கிறார்கள். முதல் பெண்சாதியின் ஆவி ஊரில் நடமாடுகிறது என்று பெண்வீட்டார் காதில் விழுந்திருக்கிறது. அதைக் கட்டிவிட்டு வாருங்கள், பிறகு தேதி வைக்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். தை இருபத்து நாலாம் தேதி காலையில் தா.பழூரிலிருந்து பிச்சைமுத்துப் பூசாரி வருகிறார். உடுக்கை அடித்து, கேள்வி கேட்டு, என்னைப் புளியமரத்தில் ஆணி அடித்து நிறுத்துவார்களாம். வீராயி என்னை ஓடிவிடச் சொல்கிறாள். அவள்தான் இப்போது அழுகிறாள்.

நான் ஓடப் போவதில்லை. பூசாரி கேள்வி கேட்பார் இல்லையா? இந்த ஊரில் இதுவரைக்கும் என்னை யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவர் கேட்கட்டும். வீட்டிலிருந்து என்னைத் தூக்கியபோது நடந்த ஒன்றை நான் தங்களுக்குக்கூட எழுதவில்லை. எழுதினால் தாங்கள் இரண்டு பேர் மட்டும் படிப்பீர்கள். அது எல்லோருக்கும் கேட்க வேண்டிய விஷயம்.

அண்ணன் வந்தால் வரட்டும். வராவிட்டாலும் நான் அங்கே இருப்பேன்.

இப்படிக்கு,
கமலவேணி.


வேப்பந்தட்டை,
தை 13.

தங்கை கமலவேணிக்கு ஆசீர்வாதம்.

உடம்பு தேவலை. பஸ் கிடைத்தால் பஸ், இல்லாவிட்டால் வண்டி. வருகிறேன்.

உத்திராபதி.


கொன்றைக்குறிச்சி,
தை 25.

பூங்காவனத்துக்கு உத்திராபதி எழுதுவது. நான் சுகமாக வந்து சேர்ந்தேன். நீயும் பிள்ளைகளும் சுகம்தானே?

நேற்று நடந்ததை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். அரியலூரில் பஸ் நின்றுபோய், வண்டி பிடித்து, நேற்றுக் காலையில்தான் ஊர் எல்லைக்கு வந்தேன். கச்சேரி வீட்டுக்கு முன்னால் ஊரே கூடியிருந்தது. அமிர்தலிங்கம் மச்சான் என்னைப் பார்த்ததும் குறுக்கே வந்தார். கிட்டே போகாதீங்க என்று கையைப் பிடித்தார். உதறிக்கொண்டு போனேன்.

கமலவேணி தானாகவே வெளியே வந்தாள். யாரும் இழுத்து வரவில்லை. குளித்து, நீ அனுப்பிய புடவையைக் கட்டி, தலையைக் கோடாலி முடிச்சாகப் போட்டிருந்தாள். மெலிந்து கறுத்துவிட்டாள். உன்னிடம் மறைப்பானேன், நானும் முதலில் காலைத்தான் பார்த்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் என் தங்கையை எனக்குத் தெரிந்தது. கையைப் பிடித்தேன். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை. கதகதவென்று இருந்தது.

பூசாரி வயதானவர். என்னை ஒதுங்கச் சொன்னார். வேப்பங்குழையும் எலுமிச்சம்பழமும் வைத்து, உடுக்கையை எடுத்து அடித்தார். பேய் பிடித்தவர்கள் ஆடுவதைப் பார்த்திருப்பாய். இவள் ஆடவில்லை. மணையில் உட்காருவதுபோல் சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் உடுக்கையை நிறுத்திவிட்டு வழக்கப்படி கேட்டார்.

"யாரு நீ? எந்த ஊரு?"

"கமலவேணி. வேப்பந்தட்டை இராமலிங்கம் மவ."

"எப்படிச் செத்த?"

"சாவல. சாவறதுக்குள்ள தூக்கிட்டாங்க."

கூட்டம் கசகசவென்றது. பூசாரி திருநீற்றை எடுத்து அவள் நெற்றியில் பூசினார். பூசிய கையை உடனே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் நெற்றியிலேயே வைத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தெரியாமத் தூக்குனாங்களா, தெரிஞ்சு தூக்குனாங்களா?" என்றார்.

மாப்பிள்ளை ராசாங்கம் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கண்ணு தொறக்க முடியல. காது கேட்டுச்சு. வாய்க்கரிசி போடறப்ப ராசாத்தி அப்பா என் நெஞ்சுல கை வச்சாரு. 'அண்ணே, சூடு இருக்கு'ன்னாரு. 'மழை வருது, தூக்கு'ன்னாரு பெரியவரு. இவரு கையை எடுத்துட்டாரு."

அவள் கத்திச் சொல்லவில்லை, பூங்காவனம். கிணற்றடியில் நின்று பேசுகிற மாதிரி சொன்னாள். ஆனால் கடைசியில் நின்றவனுக்கும் கேட்டது.

பேய் பொய் சொல்லும் என்றார் அமிர்தலிங்கம். உடுக்கைக்கு முன்னால் எந்த ஆவியும் பொய் சொன்னதில்லை, என் அப்பன் பாட்டன் காலத்திலும் இல்லை, உனக்கு நம்பிக்கை இல்லை என்றால் என்னை எதற்கு அழைத்தாய் என்று பூசாரி திருப்பிக் கேட்டார். மாப்பிள்ளை நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு, "பொய் இல்லண்ணே" என்றார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு உண்மை வார்த்தை வரத்தான் நான் ஐப்பசியில் அவருக்குக் கடிதம் எழுதினேன்.

பூசாரி மறுபடி உடுக்கையைத் தட்டினார். ஆவி கேட்பதைக் கொடுத்து அனுப்புவதுதானே முறை? என்ன வேண்டும் கேள் என்றார்.

"எம் புள்ள வேணும். எங்கப்பா குடுத்த கொல்லை வேணும்."

"சேவலு? புடவை?"

"வேணாம்."

"குடுத்தா போயிடுவியா?"

"போவ மாட்டேன். இங்கதான் இருப்பேன்."

இனி ஆணியை எடுப்பார் என்று நினைத்தேன். ஆனால் பூசாரி எலுமிச்சம்பழத்தை அறுத்து நாலு பக்கமும் போட்டுவிட்டு எழுந்தார். கேட்டதை வாக்காக வாங்கிவிட்டேன், கொடுக்காமல் போனால் ஊருக்கு ஆகாது, இனி இந்தப் பெண்ணை யாரும் மரத்தில் கட்டவோ விரட்டவோ வந்தால் நான் உடுக்கையைத் தொட மாட்டேன் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். ஆணியையும் சுத்தியையும் பைக்குள் போட்டுக்கொண்டார். அவர் அவளை என்னவென்று நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. போகும்போது அவளைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அமிர்தலிங்கம் வீட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தார். கலியம்மாள் பிள்ளையின் கையைப் பிடித்தபடி அவர் பின்னால் நாலு எட்டு வைத்தவள் நின்றாள். திரும்பினாள். பிள்ளையின் கழுத்திலிருந்த தாயத்தைக் கழற்றித் தன் மடியில் கட்டிக்கொண்டு, கையை விட்டுவிட்டாள். ராசாத்தி ஓடி வந்தாள்.

நான் இன்னும் சில நாள் இருந்து கச்சேரி வீட்டில் ஒரு பக்கத்துக்காவது கூரை போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறேன். என்னோடு வந்துவிடு என்று கேட்டுப் பார்த்தேன். எதற்கு என்றாள்.

இப்படிக்கு,
உத்திராபதி.


அரியலூர்,
பங்குனி 10.

சௌபாக்கியவதி கமலவேணிக்கு ராசாங்கம் ஆசீர்வாதம். உன் க்ஷேமத்துக்கும் குழந்தை ராசாத்தியின் க்ஷேமத்துக்கும் எழுதவும். நான் இங்கே ஒரு நெல் மில்லில் வேலையாக இருக்கிறேன். ஆண்டிமடம் சம்பந்தம் முறிந்துவிட்டது உனக்குத் தெரிந்திருக்கும்.

அந்த நாளில் ஊரே பயத்தில் இருந்தது. நோய் அப்படி. மழையும் வந்துவிட்டது. நடந்தது நடந்துவிட்டது. அண்ணனும் இப்போது மனம் மாறியிருக்கிறார். கோயிலில் ஒரு பரிகாரம் செய்து, புது மஞ்சள் கயிற்றில் திருமாங்கல்யத்தைக் கட்டிவிட்டால் தோஷம் எல்லாம் நீங்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நல்ல நாளும் பார்த்திருக்கிறது. நீ சரி என்று ஒரு வரி எழுதினால் போதும். நான் தாலியோடு வருகிறேன். கச்சேரி வீட்டில் பெண்பிள்ளை தனியாக இருப்பது நமக்குக் கௌரவம் இல்லை.

இப்படிக்கு,
ராசாங்கம்.


கொன்றைக்குறிச்சி,
தாரண வருஷம் சித்திரை 6.

ராசாங்கம் அவர்களுக்குக் கமலவேணி எழுதுவது. இவ்விடம் நானும் ராசாத்தியும் க்ஷேமம். உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளவும்.

உங்கள் பேரை எழுதிவிட்டேன். புருஷன் பேரைப் பெண்சாதி சொல்லவும் கூடாது, எழுதவும் கூடாது. ஆனால் நான் செத்துவிட்டேன் என்று என் அண்ணன் வரைக்கும் சொல்லி அனுப்பியவர்கள் நீங்கள். செத்தவளுக்குப் புருஷன் கிடையாது. அதனால் எழுதலாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நோய் இருக்கிறது, மழை இருக்கிறது, அண்ணன் இருக்கிறார், பெரியவர்கள் இருக்கிறார்கள். என் நெஞ்சில் வைத்து எடுத்த உங்கள் கை அதில் எங்கேயும் இல்லை. பூசாரிக்கு முன்னால் பொய் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னீர்கள். அது எனக்குப் பெரிய உபகாரம், மறக்க மாட்டேன். ஆனால் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் உங்களோடு குடித்தனம் நடத்த முடியாது. ராத்திரி நான் அசந்து தூங்கினால், மூச்சு இருக்கிறதா என்று நீங்கள் பார்ப்பீர்களா, யாரையாவது கேட்பீர்களா?

பரிகாரம் எனக்கு வேண்டாம். தோஷம் என்மேல் இல்லை. தாலியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் நான் கொள்ளு அறுத்தேன், களத்தில் அடித்தேன், தூற்றினேன். பேய்க்கொள்ளு என்று முதலில் யாரும் வாங்கவில்லை. கலியம்மாள் அக்கா வந்து பட்டப்பகலில் ஒரு மரக்கால் வாங்கிக்கொண்டு போய் ரசம் வைத்தாள். அந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாளிலிருந்து ஆள் வருகிறது.

ராசாத்தி உங்களைக் கேட்கிறாள். இல்லை என்று பொய் எழுத மாட்டேன். அவளைப் பார்க்க நீங்கள் வரலாம். பகலில் வாருங்கள். வரப்பில் நின்று கூப்பிடுங்கள். அவளுக்கு இஷ்டமிருந்தால் வருவாள். நான் போகச் சொல்லவும் மாட்டேன், தடுக்கவும் மாட்டேன்.

வரப்பைத் தாண்டி இந்தப் பக்கம் கால் வைக்க வேண்டாம். கோடை மழைக்கு உழுது போட்டிருக்கிறேன்.

கமலவேணி.